தவநாயகி சேர்ந்த கூட்டம்

"லண்டன் ஆர்ச்வேயில முருகன் கோயில் இருக்கேக்கை, மண்ணையும் மரத்தையும் கும்பிடுற வெள்ளைக்காரரோட போய்ச் சேரப்போறியோ, தவநாயகி?"

"கத்தாதேங்கோ அண்ணை. ஒருக்கா வந்து பாருங்கோ."

தங்கையை இழுத்துவரும் எண்ணத்தோடுதான் இராஜேந்திரன் அந்தக் கூட்டம் கூடும் பூங்காவுக்குப் போனார். மரத்தடியில் வட்டமாக நின்றவர்கள் அவருக்கும் தேநீர் கொடுத்தார்கள். பிறகு தீப்பெட்டியைத் தவநாயகியிடம் நீட்டினார்கள்.

"புதிசா சேருற ஆள்தான் நெருப்பு மூட்டவேணுமாம், அண்ணை."

அவள் மூட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

கணவர் இறந்தபின் குடும்பத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் குத்துவிளக்கு ஏற்ற அவளை யாரும் கூப்பிட்டதில்லை. இராஜேந்திரனும்தான்.

திரும்பும்போது அவர் சொன்னார்: "என்ர மகளின்ர கலியாணத்துக்கு நீதான் விளக்குக் கொளுத்துறாய்."

"சனம் கதைக்குமே?"

"கதைக்கட்டும். உன்ர வெள்ளைக்காரரையும் கூட்டிக்கொண்டு வா."

உங்கள் வீட்டுக் கலியாணத்தில் விளக்கேற்ற யாரைக் கூப்பிட்டீர்கள்? எழுதி அனுப்புங்கள்.