கோலு சாமிக்கு ஒரு மணி

'டணார்' என்று பெரும் சத்தம். தீவான் சிங் பிரேக்கை மிதித்த மிதியில் ஜீப் வழுக்கிக்கொண்டு போய் வளைவின் விளிம்பில் நின்றது.

இறங்கி ஓடியவன் முதலில் குனிந்து பார்த்தது சக்கரங்களுக்கு அடியில். பிறகு வந்த வழியே கொஞ்ச தூரம் நடந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தான். பைன் மரங்களைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"என் மணிதான் தம்பி. சீட்டுலேருந்து உருண்டுடுச்சு," என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த ஹன்ஸா தேவி. "அதுக்கு ஏன் இப்படி வேர்த்துப் போயிட்டே?"

"இந்த வளைவு வந்தாலே எனக்கு இப்படித்தான், இஜா," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். அம்மா வயதில் யார் ஏறினாலும் அவனுக்கு இஜாதான்.

காலையில் அல்மோரா டாக்ஸி ஸ்டாண்டுக்கு அவள் வந்தபோது மூன்று நான்கு வண்டிகள் காலியாகவே நின்றன. எதிலும் ஏறாமல், தீவான் ஒரு சவாரி முடித்துத் திரும்பும்வரை டீக்கடை பெஞ்சில் காத்திருந்தாள். "தீவான், உன் மாமியார் வந்திருக்காங்கடா, வண்டியைத் துடைச்சுட்டு வா," என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நிதானமாக ஓட்டுகிற ஆள் என்று யாரோ சொன்னார்கள், அதனால்தான் காத்திருந்தேன் என்றாள்.

மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. இத்தனை வருஷத்தில் அல்மோராவைச் சுற்றிப் பார்த்ததே இல்லையாம். வேண்டுதல் பலித்துவிட்டது, இப்போதுதான் நாலு இடம் பார்க்கிற மனசு வந்திருக்கிறது என்றாள். கசார் தேவி மேட்டில் நின்று பனிமலைகளை ஆசை தீரப் பார்த்தாள். கல் பாவிய கடைவீதியில் ஒரு பித்தளை மணியும் ஒரு பெட்டி பால் மிட்டாயும் வாங்கினாள்.

முதல் மிட்டாயைத் தீவானிடம் நீட்டினாள். பையன் போனதிலிருந்து இனிப்பைத் தொடுவதில்லை என்று அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"என் சந்தோஷத்துக்கு ஒண்ணு," என்று அவளே அவன் வாயில் வைத்தாள். அவனால் துப்பவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. கண்ணில் நீர் முட்ட விழுங்கினான்.

வளைவைத் தாண்டிய பிறகு அவனாகவே எல்லாவற்றையும் சொன்னான். ஒரே பையன். எட்டு வயது. போன மழையில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மலைமேலிருந்து ஒரு கல் உருண்டு வந்திருக்கிறது. கூட வந்த பிள்ளைகள் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து சித்தையில் இருக்கும் கோலு சாமி கோயிலுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவானே தவிர, அவன் உள்ளே போவதில்லை.

கோலு சாமி நியாயம் சொல்கிற சாமி. கோர்ட்டில் தோற்றவர்களும் கோர்ட்டுக்கே போக முடியாதவர்களும் முத்திரைத்தாளில் மனு எழுதி அங்கே கட்டிவிட்டு வருவார்கள். நியாயம் கிடைத்தால் மணி கட்ட வேண்டும். இன்று தானும் உள்ளே வந்து ஒரு மனு போடப் போவதாகத் தீவான் சொன்னான்.

"ஆனா கல்லு மேல எப்படி இஜா மனு போடுறது?"

"எனக்கு எழுத வராது தம்பி. வாயாலதான் சொன்னேன். ஆளு பேரு, ஊரு, நடந்த இடம், எல்லாத்தையும் தெளிவாச் சொல்லணும். சாமிக்குக் குழப்பம் வந்துடக் கூடாது."

"கல்லுக்கு ஏது பேரு?"

"கல்லு தானா உருளுமா? காரணம்னு யாராவது இருப்பாங்க. யோசிச்சுப் பாரு."

கோயிலில் கூரை தெரியாமல் மணிகள் தொங்கின. சந்து கிடைத்த இடமெல்லாம் மனுக்கள் காற்றில் படபடத்தன. ஹன்ஸா தேவிக்குக் கை எட்டவில்லை. தீவான்தான் கம்பியில் ஏறி நின்று, அவள் மணியை உயரத்தில் வைத்து இறுக்கிக் கட்டினான். நன்றாக அடித்துவிடு, சாமி காதில் விழட்டும் என்றாள். ஓங்கி அடித்தான். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

இறங்கி வந்தவன், என்ன நடந்தது இஜா, பையனுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டான்.

"ஒரே பையன் இருந்தான். நாலு வருஷம் முன்னாடி, பனிமூட்டத்துல, நாம வந்த அதே வளைவுல ஒரு ஜீப் தட்டிட்டு நிக்காமப் போயிடுச்சு. விடியற வரைக்கும் பள்ளத்துல உயிரோட கிடந்திருக்கான்." அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "பார்த்த ஆளு கோர்ட்டுக்கு வரமாட்டேன்னுட்டான். ஓட்டினவன் பேரை மட்டும் எங்கிட்ட சொன்னான்."

தீவானின் கை கம்பியைத் தேடிப் பிடித்தது.

"ஆடுன்னு நினைச்சேன், இஜா."

அவள் தலையசைத்தாள். பூசாரி தந்த குங்குமத்தில் கொஞ்சம் எடுத்து, பிள்ளைக்கு வைப்பதுபோல் நிதானமாக அவன் நெற்றியில் வைத்தாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். சாமியிடம் என்னை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாமே, என் உயிரைக் கேட்டிருக்கலாமே என்று அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ஹன்ஸா தேவி குனிந்து அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"உன்னை ஒண்ணும் பண்ண வேண்டாம்னுதான் தம்பி கேட்டுக்கிட்டேன். உனக்கும் ஒரே பையன்தான்னு மட்டும் சொல்லி வச்சேன்."