உட்காராத ஆசாமி

“நம்ம லிங்கராஜ் டாக்டர்ட்டயே காட்டலாம்லா?” என்றாள் மனைவி பேச்சித்தாய்.

“அங்கன காட்டுனா, பொழுது அடையுமுன்ன விளாத்திகுளம் பூரா என் மூலத்தைப் பத்தித்தான் பேசும்!” எரிந்து விழுந்த மிளகாய்வத்தல் வியாபாரி சுந்தரபாண்டி, கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினார்.

அங்கே மூல வியாதி டாக்டரிடம் பொய்ப் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். பெஞ்சு காலியாகக் கிடந்தும், ஓர் ஆசாமி உட்காராமல், செய்தித்தாளால் முகத்தை மறைத்தபடி நின்றிருந்தார். இடையிடையே தாளின் ஓரமாக இவரையே நோட்டம் விட்டார்.

‘நம்ம ஊர்க்காரனோ? வேவு பாக்க வந்திருக்கானோ?’

சுந்தரபாண்டிக்குப் பொறுக்கவில்லை. நேரே போய்ச் செய்தித்தாளை விலக்கினார்.

டாக்டர் லிங்கராஜ்!

“அண்ணாச்சி, என்னை இங்கன பாத்ததை ஊர்ல சொல்லிராதீய,” என்று டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். “எங்க கம்பவுண்டருக்குத் தெரிஞ்சா ஊரெல்லாம் தமுக்கடிச்சிருவான்!”