மாயாண்டியின் கம்பளி

"இன்னைக்கு அந்தக் காஃபிர் சியாரத்துக்கு வருவான். அங்கேயே குத்திச் சாய்ச்சிரணும்."

மாயாண்டியின் தலையிலிருந்த விறகுக்கட்டு நழுவியது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கட்டி, கொட்டகலை பஜாரில் காசிம் லெப்பையின் கடைக்குக் கொண்டுவந்தவன், பின்கதவோரம் அப்படியே நின்றுவிட்டான்.

உள்ளே பேசியது லெப்பையின் மகன் மஹ்ரூப். கெய்ரோவில் நாலு வருடம் படித்துவிட்டு, கையால் பிரதியெடுத்த அரபுத் தாள்கள் ஒரு கட்டோடு போன மாதம்தான் திரும்பியிருந்தான். அந்தத் தாள்களைத்தான் கூட்டாளிகள் இரண்டு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

"மனுசன் போட்ட சட்டத்துக்குத் தலையாட்டுறவன், சமாதிக்கு வெளக்கு வைக்கிறவன், இவங்களக் கொன்னாப் பாவமே இல்ல. கடமை."

சியாரம் என்றால் பஜாருக்குப் பின்னாலிருக்கும் அந்த அவுலியாவின், இறைநேசரின், சமாதி; அங்கே விளக்கு வைப்பது மாயாண்டிதான். சாகக் கிடந்த மகளை லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்துப் பிழைக்க வைத்த நாளிலிருந்து, வியாழன்தோறும் மாலையில் அவன் எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றுவான். லெப்பை பக்கத்தில் உட்கார்ந்து பாத்திஹா ஓதுவார்.

இன்று வியாழன். இந்தப் பையனா என்னைக் கொல்லப்போகிறான்? முந்தாநாள்தான் லயத்து வீட்டுக்கு வந்து, என் பெண்சாதி மீனம்மா சுட்ட ரொட்டியை உரிமையோடு கேட்டு வாங்கித் தின்றான். "வீட்டுல ஆட்டுக்கறி ஆக்கியிருக்காங்களே தம்பி?" என்று அவள் கேட்டதற்கு, "வாப்பா அறுத்த கறி எனக்கு வேணாம் அக்கா" என்றான். கெய்ரோ சாப்பாட்டில் வயிறு கெட்டுப்போயிருக்கும் என்று அவள் இன்னொரு ரொட்டி வைத்தாள்.

பொலிஸுக்குப் போகலாம்தான். பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்தான் பேச்சை எந்த ராளஹாமி காதில் போட்டுக்கொள்வார்? மாயாண்டி கடையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் ஓடி, கல்லாவில் இருந்த லெப்பையிடம் கொட்டித் தீர்த்தான்.

"என்ன வார்த்தை சொன்னான்? அத அப்படியே சொல்லு."

சொன்னான். லெப்பை இன்னொரு தடவையும் கேட்டுக்கொண்டார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"இன்னைக்கு நீ வராத. வெளக்க நான் ஏத்துறேன்."

"மழ பேயுதுங்க, காசிம் நானா. இதப் போத்திக்கிட்டுப் போங்க." மாயாண்டி தன் கறுப்புக் கம்பளியைக் கிழவரின் தலையோடு போர்த்திவிட்டான். அவர் அவன் கையை ஒரு கணம் பிடித்திருந்துவிட்டு இறங்கிப் போனார்.

மாயாண்டியால் அங்கே இருக்க முடியவில்லை. தன்னைத் தேடி வருகிறவன் முன்னால் கிழவரை அனுப்பிவிட்டு நிற்பது என்ன பிழைப்பு? இடுப்பிலிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவிக்கொண்டு மூடுபனிக்குள் ஓடினான்.

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. விளக்கு உதைபட்டுக் கிடந்தது. எண்ணெயும் ரத்தமும் சிமெந்துத் தரையில் கலந்து ஓட, கம்பளிக்குள் லெப்பை ஒருக்களித்துக் கிடந்தார். முதுகில் மூன்று இடத்தில் கிழிந்திருந்தது, நெஞ்சில் ஒரு இடத்தில். கூட்டாளிகள் ஓடிப்போயிருந்தார்கள். மஹ்ரூப் மட்டும் கத்தியோடு நின்றான்.

மாயாண்டி பாய்ந்து அவன் வாயில் முஷ்டியால் குத்தினான். பல் தெறித்தது. கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கவ்வாத்துக் கத்தியைத் தொண்டையில் வைத்தான். மஹ்ரூப் கையைக்கூடத் தூக்கவில்லை.

"பாவி, எங் கம்பளியப் பாத்து நான்னு நெனச்சிட்டியேடா! நான் போத்திவிட்டதாலதானடா மனுசன் செத்தாரு. பெத்த தகப்பன ஆள் மாறிக் குத்திப்புட்டியே!" மாயாண்டி விம்மி அழுதான். கத்தி அழுந்தி, மஹ்ரூப்பின் கழுத்தில் ரத்தம் கசிந்தது.

மஹ்ரூப் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். அவன் குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

"உங்க மேல எனக்கென்ன கோவம் அண்ணே? முஸ்லிமாப் பொறந்துட்டு சமாதியில ஓதுறவனத்தான் நான் காஃபிர்னேன். கம்பளிய வெலக்கி, வாப்பா மொகத்தப் பாத்துட்டுத்தான் மொதக் குத்தே குத்துனேன்."