மூன்றாவது கிளாஸ்

அந்தச் சின்ன பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டம், கடைசியாக ருசி பார்க்கும் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஐந்து வகைக்கு ஐந்து குட்டி கிளாஸ். அவள் மூன்றாவதைக் கையில் எடுத்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்னடி பண்ற இங்க?"

அவள் கணவர்தான்.

"பாத்தா தெரியல? பீர் குடிக்கிறேன்."

"கீழ வை அதை. பேரன் பேத்தி எடுத்த வயசுல கூத்தடிக்க வந்துட்டா!"

"டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கேன். ஓசியில ஒண்ணும் குடிக்கல."

"நாலு பேர் பாத்தா என் மானம் கப்பலேறிடும்."

"ஏறட்டும். கையாட்டி வழியனுப்பி வைங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"குடி குடியைக் கெடுக்கும்டி. நம்ம வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வந்திருக்கா இதுவரைக்கும்?"

"வரலயே. அதான் நானே தேடிக்கிட்டு வந்துட்டேன்."

அவர் கிளாஸைப் பிடுங்கக் கையை நீட்டினார். அவள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலி கிளாஸை அந்தக் கையிலேயே வைத்தாள்.

ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் திருதிருவென்று விழித்தார். பிறகு அவள் கணவரிடம் பணிவாகக் கேட்டார்:

"முதலாளி, அம்மாவுக்கு அடுத்ததை ஊத்தவா, வேணாமா?"

"அவரை என்ன கேள்வி? நீங்க ஊத்துங்க," என்றாள் அவள். "இத்தனை வருஷமா ஊரே குடிச்சுத்தான் எங்க குடி வாழுது. அப்படி என்னத்தைத்தான் காய்ச்சுறாருன்னு நானும் பாக்கிறேன்."