வாசலில் ஒரு கல்

வாசல் மிதியடியில் மறுபடியும் ஒரு கல்.

முதலில் வெள்ளை, அப்புறம் கறுப்பு, இன்று சிவப்பு. மூன்றுமே உடைத்த கற்கள்.

"கீழ்வீட்டுக்காரன் வேலைதான் இது" என்றார் கணவர். "இன்னைக்கு வாசல்ல வைக்கிறவன் நாளைக்கு ஜன்னல்ல எறிவான். வேற வீடு பார்த்துடலாம்."

மெதுவாகப் பேசச் சொன்னாள் மனைவி. உள்ளே மகள் தூங்குகிறாள். ஆனால் அவளும் கதவுத் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

சாட்சிக்கு இருக்கட்டும் என்று மூன்றையும் பையில் கட்டி பீரோ மேல் வைத்தார் கணவர்.

எல்லாம் மனைவி ஆரம்பித்த பாடத்தால் வந்ததுதான். மகளுக்கு வீட்டிலேயே கற்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தாள். ஆணியால் கீறிப் பார்ப்பது, தண்ணீரில் போட்டுப் பார்ப்பது, துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்து உள்ளே என்ன நிறம் என்று பார்ப்பது. பார்த்து முடித்த கல் முட்டைத் தட்டில் ஒரு குழிக்குள் போகும்.

சுத்தியல் சத்தம் கேட்டு ஏறி வந்தார் கீழ்வீட்டுக்காரர். இராத்திரி வாட்ச்மேன் வேலை, பகலில்தான் தூக்கம். இது வீடா, கல் குவாரியா என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றோடு பாடம் நின்றது. பாதி நிரம்பிய தட்டோடு மகள் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம்தான் இந்தக் கற்கள்.

மறுநாள் விடிந்ததும் கணவர் கதவுக்குப் பின்னால் காத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று திறந்தார்.

காக்கிச் சட்டையோடு குனிந்திருந்தார் கீழ்வீட்டுக்காரர். கையில் கல்.

"என்னய்யா, மிரட்டுறியா?"

அவர் திருதிருவென்று விழித்தார்.

"பாப்பாவுக்கு சார். பாதிக் குழி காலியா இருக்கு மாமான்னு தட்டைக் காட்டுச்சு. மனசு கேக்கல. நான் காவல் இருக்கிற கட்டடத்துல தினுசு தினுசா கல்லு கிடக்கு. அங்கேயே உடைச்சுக் கொண்டாந்தா இங்க சத்தம் வராதுல்ல, நானும் தூங்கலாம். திட்டிட்டுப் போனவன் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கதவைத் தட்டறது, அதான்..."

மனைவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கணவர் அவரை உள்ளே வரச் சொல்லிவிட்டு, பீரோ மேலிருந்த பையை எடுக்க நாற்காலி தேடினார்.

கீழ்வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று, கையிலிருந்த சாம்பல் நிறக் கல்லைக் கூச்சத்தோடு அவளிடம் நீட்டினார்.

"தண்ணில மிதக்கிற கல்லை மட்டும் பார்த்ததே இல்லைன்னு பாப்பா சொல்லுச்சு. இது மிதக்கும்மா. நான் குதிகால் தேய்க்கிறதுதான். நல்லாக் கழுவிட்டேன்."