தினம் நூறு பேர்

"காய்ச்சல் நூத்தியொண்ணு. அப்பவும் அந்தப் போன் தலைமாட்டுலதான் இருக்கணுமா?"

ரோஹிணி கண்ணைத் திறக்கவில்லை. "இருக்கட்டுங்க. யாராவது கூப்பிடுவாங்க."

ஸ்ரீரங்கனுக்கு எரிச்சலாக வந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒரு வார இதழில் தொடர்கதை எழுதியவர். போன பொங்கலோடு இதழ் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. இப்போது அவர் கதை தினமும் காலை எட்டு மணிக்கு ஓர் அத்தியாயமாக வருகிறது. கதாநாயகன் தசரதன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போயிருக்கும் முக்கியமான கட்டம். எந்நேரமும் போனும் கையுமாக இருக்கும் ரோஹிணி அதை ஒரு நாளாவது திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

"தினம் நூறு பேராவது படிக்கணும் சார். இல்லைன்னா தொடரை நிறுத்தறதைத் தவிர வேற வழியில்லை" என்று ஆசிரியர் ஸ்ம்ருதி ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

ஸ்ரீரங்கன் அசரவில்லை. நூறு குறையாமல் வந்துகொண்டிருந்தது.

நேற்றுகூட ஸ்ம்ருதி காலையில் ஏழரைக்கே போன் செய்து ஆச்சரியப்பட்டார். "அது என்ன சார், உங்க வாசகர்கள் மொத்தப் பேரும் எட்டு பத்துலேர்ந்து எட்டு அம்பதுக்குள்ள வந்துடறாங்க? ஞாயித்துக்கிழமை மட்டும் ஆளே காணோம்!"

"ஆபீஸ் போற, விஷயம் தெரிஞ்ச கூட்டம்மா. எழுத்துல சரக்கு இருந்தா காகிதமென்ன, போன் திரையென்ன? தேடி வந்து படிப்பாங்க."

அதே சூட்டில் மனைவியிடமும் சொல்லிக் காட்டினார். "ஊரே படிக்குது. கட்டினவளுக்குத்தான் நேரமில்லை!"

"எனக்கு எட்டு பத்து வண்டியைப் பிடிக்கவே நேரம் சரியா இருக்குங்க." சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸுடன் தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடிவிட்டாள்.

இப்போது மணி எட்டு இருபத்தைந்து. போன் அலறியது. ரோஹிணி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். திரையில் 'பூ கனகவல்லி'.

'இந்தக் காய்ச்சல்ல பூ ஒண்ணுதான் குறைச்சல்!' வெடுக்கென்று எடுத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், ரயில் சத்தத்தையும் மீறிக்கொண்டு வந்தது அந்தக் குரல்.

"இன்னாக்கா, வண்டில ஏறலியா? பல்லாவரமே தாண்டிட்ச்சு! அவங்கவங்க போன்ல கதை லிங்கைத் தொறந்தாதான் படிச்சுக் காட்டுவேன்னு தெனம் மெரட்டுவியே... லேடீஸ் பொட்டி மொத்தமும் தொறந்து வச்சுக்கினு குந்திகினு கீறோம். ஜெயஸ்ரீ டீச்சர் படிச்சுப் பாத்தாங்க, உன்னை மாரி ஏத்த எறக்கமா வரல. அந்தத் தசரதன் வூட்டுக்கு வந்தானா இல்லியா, அத்தயாச்சும் சொல்லுக்கா!"

ஸ்ரீரங்கன் தூங்குகிறவளைப் பார்த்தார். போர்வையை இழுத்துவிட்டு, ஓசைப்படாமல் கூடத்துக்கு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்காவுக்கு உடம்பு சரியில்லம்மா. ஸ்பீக்கர்ல போடு, நான் படிக்கறேன். அவ அளவுக்கு வராது... இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்க."