பெட்டி சொன்ன வேகம்

அட்டைப்பெட்டி பேசுமா என்று கேட்பவர்கள் அந்த மலை உச்சிப் பெட்டியைப் பார்த்ததில்லை. கோபுரத்தின் மேலே வயர்லெஸ் தட்டு. கீழே, அது வந்திறங்கிய பெட்டி. மலை ஆஸ்பத்திரி கொடுக்கும் படம், தகவல்களைப் பள்ளத்தாக்கைத் தாண்டி, டவுனுக்குக் கடத்திவிடும் எதிர்மலைத் தட்டுக்கு அனுப்புவது தட்டின் வேலை. பெட்டிக்கு வேலை இல்லை, வாய் மட்டும் உண்டு.

"என் நெத்தியைப் பாருடா! வேகம் 300னு அச்சடிச்சிருக்கு. நீ நாற்பதைத் தாண்ட மாட்டேங்கிற. மானம் போகுது!"

"நடுவுல காத்தும் பனியும் சவுக்குத்தோப்பும் இருக்கே அண்ணே" என்று தட்டு முனகும். கழற்றி எறிந்துவிடுவார்களோ என்ற பயம் அதற்கு.

ஒரு மதியம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தையின் நெஞ்சு எக்ஸ்ரே வந்தது. டவுன் டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் மருந்து. தட்டு ரோஷத்தோடு முன்னூறில் வீசியது. படம் பாதி வழியில் மழையோடு சிதறியது.

"மாப்ளே, வாய் வாயா ஊட்டு, முழுங்கிக்கிறேன்!" என்று எதிர்மலைத் தட்டு கத்தியது.

தட்டு வேகத்தை எட்டுக்கு இறக்கியது. ஒவ்வொரு விலா எலும்பாகப் போய்ச் சேர்ந்தது. மழை விடும் முன்பே மருந்தின் பெயர் திரும்பி வந்துவிட்டது.

வெயில் வந்ததும் வேகம் நாற்பதுக்கு ஏறியது. தட்டு கீழே பார்த்தது. நனைந்த பெட்டியில் ஒரு ஓரம் கரைந்து போயிருந்தது.

"அண்ணே, கடைசிச் சுழியைக் காணோம். உங்க நெத்தியில இப்ப 30தான் இருக்கு."

பெட்டி கொஞ்சம் யோசித்தது.

"அடேயப்பா! அப்ப நான் சொன்னதுக்கு மேலேயே நீ ஓடுறியேடா, என் ராசா!"